காருக்கு வீடு, கைக்கு?

அமெரிக்காவில் வீடு வாங்கும் நம் பிள்ளைகள் ஊருக்குப் படம் அனுப்புவார்கள். வாசல், புல்வெளி, கிரானைட் போட்ட கிச்சன், அலமாரியைப் பிரித்து அமைத்த பூஜை அறை எல்லாம் வரும். கராஜுக்குள் நின்று படம் எடுத்து அனுப்பிய பிள்ளையை நான் இதுவரை கேள்விப்படவில்லை. எடுத்தால் என்ன தெரியும்? டி.வி. வந்த அட்டைப்பெட்டி, அதற்கு முந்தைய டி.வி. வந்த அட்டைப்பெட்டி, மொத்தமாக வாங்கிப்போட்ட நாற்பது ரோல் டிஷ்யூ பேப்பர், இரண்டு தடவை ஏறி இறங்கிய ட்ரெட்மில், கொலுப்படி. மிச்ச இடத்தில் கார்.

இரண்டு கார் நிற்கிற சாதாரண அமெரிக்க கராஜ் 24 அடிக்கு 24 அடி இருக்கும். 576 சதுர அடி. மேற்கு மாம்பலத்தில் இந்த அளவு ஃப்ளாட்டில் இரண்டு பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, படிக்கவைத்து, அமெரிக்காவுக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த இடத்தில் ஒரு பட்டறை போடுங்களேன் என்று சொல்லிப் பாருங்கள். முதல் பதில் சிரிப்பு. இரண்டாவது பதில், "டைம் எங்க சார் இருக்கு?" மூன்றாவதுதான் உண்மையான பதில், கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு வரும். "அதெல்லாம் இங்க இருக்கிற வெள்ளைக்காரங்க செய்வாங்க. நமக்கெதுக்கு?"

இந்த 'நமக்கெதுக்கு'தான் இந்த வாரம் என் எதிரி.

இத்தனைக்கும் கராஜ் என்ற சொல்லை நம் ஆட்கள் அளவுக்குப் பக்தியோடு உச்சரிக்கிறவர்கள் யாரும் இல்லை. எந்த இன்ஜினீயரிங் கல்லூரி ஆண்டு விழாவிலும் சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்ததும், "ஹியூலெட் பேக்கார்ட் ஒரு கராஜில்தான் பிறந்தது, ஆப்பிள் ஒரு கராஜில்தான் பிறந்தது" என்று ஆரம்பிப்பார். முதலாவது உண்மை. பாலோ ஆல்டோவில் அடிசன் அவென்யூ 367-ஆம் எண் வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும் 12 அடிக்கு 18 அடி கொட்டகை அது. 1938-ல் பில் ஹியூலெட்டும் டேவிட் பேக்கார்டும் 538 டாலரோடு அங்கேதான் வேலையைத் தொடங்கினார்கள். இரண்டாவது பாதிப் புராணம். அந்த கராஜில் நாங்கள் எதையும் வடிவமைக்கவும் இல்லை, தயாரிக்கவும் இல்லை என்று ஆப்பிளின் ஸ்டீவ் வாஸ்னியாக்கே 2014-ல் ஒரு பேட்டியில் சொல்லிவிட்டார். சிறப்பு விருந்தினர்களுக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

ஹியூலெட் கராஜில் நம் பேச்சாளர்கள் கவனிக்காத விஷயம் வேறு. அங்கே உட்கார்ந்து யாரும் ஐடியா பண்ணிக்கொண்டிருக்கவில்லை. டிரில்லிங் மெஷின் இருந்தது. தகட்டைத் துளைத்தார்கள், பற்றவைத்தார்கள், பெட்டிக்குப் பெயின்ட் அடித்தார்கள். கையில் கறைபட்டது. நம் மேடைப்பேச்சில் அந்தக் கறையைத் துடைத்துவிட்டுக் கம்பெனியை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இன்னொன்று. பாலோ ஆல்டோவில் குளிர் பெரிய விஷயம் இல்லை. ஹியூலெட் பிறந்தது மிச்சிகன் மாநிலத்தில், ஆன் ஆர்பரில். சின்ன வயதிலேயே குடும்பம் கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டது. அங்கேயே இருந்து, மிச்சிகன் ஜனவரியில் ஒரு தனிக் கொட்டகையில் வேலையை ஆரம்பித்திருந்தால், ஆஸிலேட்டர் செய்வதற்கு முன்னால் அவர் ஹீட்டரைப் பற்றித்தான் யோசித்திருக்க வேண்டும்.

நானும் ஹீட்டருக்கு வருகிறேன்.

மினியாபோலிஸ், சிகாகோ, டெட்ராய்ட் மாதிரி ஊர்களில் பழைய பகுதிகளில் கராஜ் வீட்டோடு ஒட்டி இருக்காது. வீட்டுக்குப் பின்னால், சந்தைப் பார்த்தபடி, தனியாக நிற்கும். நாலு பக்கமும் காற்று. ஒட்டின கராஜுக்கு வீட்டுச் சுவரிலிருந்தாவது கொஞ்சம் சூடு கசியும், தனிக் கொட்டகைக்கு அந்தத் தர்மமும் கிடையாது. மினியாபோலிஸில் ஜனவரி மாதச் சராசரியே மைனஸ் 9 டிகிரியை ஒட்டித்தான். 2019 ஜனவரி 30 அன்று மைனஸ் 33 வரை போனது. நம்மூரில் மார்கழியில் 20 டிகிரிக்கு மஃப்ளர் கட்டுகிறோம்.

ஆனால் பட்டறைக்குத் தனிக் கொட்டகையைவிட நல்ல இடம் இல்லை. ரம்பச் சத்தம் குழந்தையை எழுப்பாது. வார்னிஷ் வாசனை சாம்பாரில் கலக்காது. மரத்தூள் மெத்தையில் படியாது. ஒரே வில்லன் குளிர். அந்த வில்லனை நம் ஆட்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதில்தான் நம் புத்தி முழுசாகத் தெரிகிறது.

அங்கே ஒரு பெரியவரைச் சந்தித்தேன். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலை டூல் ரூமில் முப்பது வருஷத்துக்கும் மேல் இருந்து ஓய்வு பெற்றவர். மருமகள் பிரசவத்துக்காக மனைவியோடு ஆறு மாத விசாவில் போயிருந்தார். நம் அம்மாக்களுக்கு அங்கே வேலை உண்டு. சமையல், பத்தியம், குழந்தை. அப்பாக்களின் நிலைமை சொல்லும்படி இருக்காது. மகன் காலையில் போய்விடுவான். வெளியே பனி. நடக்க முடியாது, வண்டி ஓட்ட லைசென்ஸ் இல்லை. தமிழ் சீரியலை இங்கே பார்த்ததையே அங்கே மறுபடி பார்க்கலாம். முப்பது வருஷம் மைக்ரோமீட்டர் பிடித்த கை ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இவர் உட்காரவில்லை. பேத்திக்கு ஒரு தொட்டில் செய்கிறேன் என்றார். மகன், "அப்பா, நூறு டாலருக்கு ரெடிமேடா கிடைக்குதுப்பா" என்றான். "தெரியும்டா" என்றார் அப்பா. கராஜில் ஒரு மூலையைச் சுத்தம் செய்தார். இழைப்புளி, உளி, ஒரு கை ரம்பம், இரண்டு கிளாம்ப், வைஸ், ஒரு சின்ன டேபிள் ஸா. எல்லாம் பழைய சாமான் விற்கிற இடத்தில் வாங்கினது. அவ்வளவுதான் அவர் பட்டறை.

குளிருக்கு மகன் ஒரு மின்சார ஹீட்டர் வாங்கித் தந்தான். அமெரிக்கச் சுவர் பிளக் 120 வோல்ட். அதில் செருகுகிற ஹீட்டர் எந்தப் பெயரில் வந்தாலும், என்ன விலை விற்றாலும், 1500 வாட்டுக்கு மேல் தராது. நம் வீட்டு கீஸரே 2000 வாட். நாலு பக்கமும் காற்று புகுகிற 576 சதுர அடிக் கொட்டகையை அதை வைத்துச் சூடாக்குவது, மெரினாவில் ஊதுவத்தி கொளுத்தி வைத்துக் குளிர் காய்கிற மாதிரி. தெர்மாமீட்டர் அசையவில்லை. பெரியவர் அசைந்தார், நடுக்கத்தில்.

அடுத்து ஒரு பெரிய கடையில் விற்பனையாள் கைகாட்டினதை மகன் வாங்கி வந்தான். மண்ணெண்ணெய் ஹீட்டர், 23,000 பி.டி.யூ. ஏறக்குறைய ஏழு கிலோவாட் சூடு. புகைபோக்கி கிடையாது. எரிவது, வருவது, போவது எல்லாம் அறைக்குள்ளேயே. அப்பா கதவு, ஜன்னல், இடுக்கு எல்லாவற்றையும் துணி வைத்து அடைத்துவிட்டு உட்கார்ந்தார். சூடாகத்தான் இருந்தது. இரண்டு மணி நேரத்தில் தலைவலி, மூன்றாவது மணியில் வயிற்றைப் புரட்டல். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். நாலாவது நாள் மனைவி காபி எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தபோது, அவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி சுவரில் சாய்ந்திருந்தார். கூப்பிட்டதற்குச் சரியாகப் பதில் வரவில்லை. இழுத்துக்கொண்டு வெளியே வந்தார் அந்த அம்மாள். அதனால்தான் இந்தக் கதையை அவரே என்னிடம் சொல்ல முடிந்தது.

கார்பன் மோனாக்சைடு. மணம், நிறம், எரிச்சல் எதுவும் கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்காரவேண்டிய இடத்தை, அதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கம் என்று ஜுரம் மாதிரியே வேஷம் போடும். தீ விபத்துகளைச் சேர்க்காமல், இந்த வாயுவினால் தற்செயலாக ஆண்டுக்கு 400 பேருக்கு மேல் அமெரிக்காவில் இறக்கிறார்கள். வைஸ் வாங்கின வீட்டில் இதற்கான அலாரம் ஒன்று வாங்கவில்லை. அது ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டு விலைகூட இல்லை.

தொட்டில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கால் கழன்று வந்தது. சாதாரண வெள்ளை, மஞ்சள் மரப்பசை சுமார் 10 டிகிரிக்குக் கீழே போனால் பிடிக்காது. சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் காய்ந்துவிடும், பார்வைக்கு ஒட்டின மாதிரியே இருக்கும். பகலில் சூடு, ராத்திரி ஹீட்டரை அணைத்தால் மைனஸ் 10. பசை எப்படிப் பிடிக்கும்? இன்னொன்றும் நடந்தது. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. பள்ளிக்கூட வேதியியல்தான், கடைக்காரர் சொல்லமாட்டார். நாலு மணி நேரம் எரித்தால் மூன்று லிட்டர். அந்த ஆவி ஐஸ் மாதிரி குளிர்ந்திருக்கும் இரும்பின்மேல் போய் வியர்வையாகப் படியும். ஒரு வாரத்தில் டேபிள் ஸாவின் மேல்தட்டும் இழைப்புளியின் அடியும் துருப்பிடித்துவிட்டன. ஆயுதத்தை எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கிற தலைமுறை அது. தான் மயங்கினதைவிட அந்தத் துருவைப் பற்றித்தான் என்னிடம் அதிக நேரம் பேசினார்.

இதில் அந்த மகன்மேல் எனக்குக் கோபம், அவன் பாசமில்லாதவன் என்பதால் இல்லை. கிச்சனில் கிரானைட் மாற்ற அவன் ஆயிரக்கணக்கில் டாலர் செலவு செய்தவன். மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் விலை கேட்டான், மாதிரிக் கல் வாங்கி வந்து வெயிலில் வைத்துப் பார்த்தான். அப்பாவின் பட்டறைக்கு மட்டும் ஒரே ஒரு ஹீட்டர், கடையில் ஆள் காட்டினது, ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. கிச்சன் வீட்டின் பகுதி. பட்டறை அப்பாவின் கிறுக்கு. கிறுக்குக்கு யார் இன்சுலேஷன் போடுவார்கள்?

இன்சுலேஷன்தான் விஷயம். ஹீட்டர் கடைசியில் வாங்குகிற சாமான். ஒரு கணக்குச் சொல்கிறேன், தோராயக் கணக்குதான். வெளியே மைனஸ் 12, உள்ளே 15 டிகிரி வேண்டும். வெறும் பலகைச் சுவர், வெறும் கூரை, தகரக் கதவு உள்ள 24-க்கு 24 கொட்டகையில் அந்தச் சூட்டை நிறுத்திவைக்க ஏறக்குறைய 12 கிலோவாட் தேவைப்படும். ஆறு கீஸர் ஒரே சமயத்தில் ஓடுகிற மாதிரி. அதே கொட்டகையில் சுவர்க் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் மூன்றரை அங்குலப் பள்ளத்தில் ஃபைபர் கிளாஸ் பஞ்சை அடைத்து, கூரைக்குக் கீழே உட்கூரை போட்டு அதன்மேல் ஓர் அடி கனத்துக்குப் பஞ்சைப் பரப்பி, பெரிய கதவுக்கு ஃபோம் வைத்த பலகை மாட்டி, கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினால் மூன்று கிலோவாட் போதும். நாலில் ஒரு பங்கு. யூனிட் 15 செண்ட் என்று வைத்துக்கொண்டால், சூடு ஏறிய பிறகு நாலு மணி நேரம் வேலை செய்ய முதல் கொட்டகையில் ஏழு டாலருக்கு மேல், இரண்டாவதில் இரண்டு டாலருக்குள்.

பஞ்சு அடைக்கிற வேலையைப் பெரியவரும் மகனும் சேர்ந்து இரண்டு வார இறுதிகளில் செய்யலாம். பஞ்சின்மேல், உள்பக்கமாக, ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டவேண்டும். உள்ளே இருக்கிற ஈரக்காற்று சுவருக்குள் போய் உறையாமல் இருக்க. குளிர்ப் பிரதேசத்தில் அது சூடு இருக்கும் பக்கம்தான் வரவேண்டும், மாற்றி ஒட்டினால் சுவர் உள்ளுக்குள்ளேயே மக்கிப்போகும். அதன்மேல் ஜிப்சம் பலகை. ஃபோமை மூடாமல் விட்டால் தீ பிடித்தால் வேகமாகப் பரவும் என்பதால் அங்கே விதியே மூடச் சொல்கிறது. தரை வெறும் கான்கிரீட். அது காலிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நிற்கிற இடத்தில் தடித்த ரப்பர் பாய் போட்டாலே பாதிக் குளிர் போய்விடும். பெரியவருக்கு இந்த ஒன்றையாவது யாராவது செய்திருக்கலாம்.

இவ்வளவும் ஆன பிறகு ஹீட்டருக்கு வாருங்கள். அப்போது உங்களுக்குத் தேவை வெறும் மூன்று கிலோவாட். அது என்ன தெரியுமா? ஒரு டன் ஸ்ப்ளிட் ஏ.சி. தருகிற அளவு. நாம் கோடையில் அறையிலிருந்து சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறோமே, அதே இயந்திரத்தைத் திருப்பி ஓட்டினால் வெளியே இருக்கிற சூட்டை எடுத்து உள்ளே தள்ளும். மைனஸ் 12-ல் வெளியே ஏது சூடு என்று கேட்காதீர்கள், இருக்கிறது. கடுங்குளிருக்கென்று செய்த மாடல்கள் மைனஸ் 25-ல்கூட ஓடுகின்றன. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு, இரண்டரை யூனிட் சூடு தரும். குளிர் ஏற ஏறக் கொஞ்சம் குறையும். நெருப்பில்லை, புகையில்லை, ஈரமில்லை. மரத்தூள் பறக்கிற, தின்னர் திறந்து வைக்கிற இடத்தில் நெருப்பு இல்லாத ஹீட்டரைவிட நல்லது எது?

கேஸ்தான் மலிவு என்பவர்கள், எரிய வேண்டிய காற்றை வெளியிலிருந்து குழாய் வழியே இழுத்து, புகையையும் வெளியிலேயே விடுகிற வகையை மாட்டிக்கொள்ளலாம். கராஜில் தீப்பொறி வரக்கூடிய எதையும் தரையிலிருந்து 18 அங்குலமாவது உயரத்தில் வைக்கச் சொல்கிறது அங்கத்திய விதி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழும் என்பதால். விறகு அடுப்பு பார்க்க அழகு. கராஜுக்குப் பல இடங்களில் அனுமதி கிடையாது, இன்ஷூரன்ஸ்காரரும் முகம் சுளிப்பார்.

இன்னொரு விஷயம், ராத்திரி முழுசாக அணைக்கக்கூடாது. ஆள் இல்லாதபோது ஐந்து டிகிரி, வேலை செய்யும்போது பதினைந்து. இரும்பும் தரையும் ஒரேயடியாகக் குளிர்ந்துபோகாமல் இருந்தால்தான் வியர்க்காது. பசை டப்பாவையும் பெயின்ட்டையும் வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்கவேண்டும். பசை ஒட்டின சாமானையும் ஒரு ராத்திரி ஹாலில் வைக்க மருமகள் சம்மதிக்கவேண்டும்.

கரன்ட் விஷயத்தில் மட்டும் நம்மூர்ச் சாமர்த்தியம் வேண்டாம். வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் கார்டை ஜன்னல் வழியாக இழுத்து, பனியில் புதைத்து, கராஜில் ஹீட்டரும் ரம்பமும் ஓட்டுகிற காட்சியை நான் கண்ணால் பார்த்தேன். நல்ல சம்பளம் வாங்குகிற எலெக்ட்ரிகல் இன்ஜினீயர் வீட்டில்! முறையாகச் செய்வது என்றால் பூமிக்கடியில் குழாய் போட்டுத் தனி லைன், பி.வி.சி. குழாயானால் 18 அங்குல ஆழமாவது, கொட்டகைக்குத் தனி பேனல், தனி எர்த். ஊராட்சி அலுவலகத்தில் பர்மிட் வாங்கினால் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவார். அங்கே அவர் கையை நீட்டமாட்டார். அப்புறம் ஏன் பயம்?

தூசியும் சேர்ந்த விஷயம்தான். மரத்தூளைப் புற்றுநோய் தரும் பொருள் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லேயே முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. தூசியை ஃபேன் வைத்து வெளியே தள்ளினால் காசு கொடுத்து உண்டாக்கின சூடும் அதோடு போய்விடும். ஆகவே நல்ல வடிகட்டியோடு உள்ளேயே பிடிக்கிற கருவி, முகத்துக்கு மாஸ்க். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் கூடையில் போடக்கூடாது. லின்ஸீட் எண்ணெய்த் துணி தானாகவே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போட்டுவிட்டு எறிய வேண்டும்.

இத்தனையும் படித்துவிட்டு, "இவ்வளவு செலவா? அந்தத் தொட்டில் நூறு டாலர்தானே?" என்று கேட்கிறீர்கள் அல்லவா? சரியான கேள்வி. கணக்குப் பார்த்தால் கட்டுப்படியே ஆகாது. பஞ்சு, பலகை, லைன், ஸ்ப்ளிட் எல்லாம் சேர்ந்தால் அந்த விலைக்குக் கடையில் இருக்கிற எல்லாத் தொட்டிலையும் வாங்கலாம். மிச்சம் பிடிக்கலாம் என்று பட்டறை போடுகிறவன் ஏமாந்துபோவான். ஆனால் அதே ஆள் மூலையில் நிற்கிற ட்ரெட்மில்லுக்கு இந்தக் கணக்கைப் போட்டானா? தெருவில் ஓசியில் நடக்கலாமே என்றானா? ஒருவரும் அசையாத ஹோம் தியேட்டருக்குப் போட்டானா? கணக்கு என்பது கை வேலை வரும்போது மட்டும் வெளியே எடுக்கிற நோட்டு.

வெறும் பொழுதுபோக்குக்காக ஒரு கொட்டகையைச் சூடாக்குவது பூமிக்குத் துரோகம் என்று ஒரு இளைஞர் என்னோடு வாதாடினார். வெறும் பலகைக் கொட்டகையில் மண்ணெண்ணெய் கொளுத்தினால் துரோகம்தான். மூன்று கிலோவாட் சூட்டை ஒரு கிலோவாட் சொச்ச மின்சாரத்தில் எடுப்பது அப்படியொன்றும் பாவமில்லை. ஆள் இல்லாத நாலு படுக்கையறைகளை ராத்திரி பகலாகச் சூடாக்கிக்கொண்டிருக்கும் வீட்டில் இருந்துகொண்டு அவர் இதைச் சொன்னார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

'நமக்கெதுக்கு' எங்கிருந்து வருகிறது என்பது ரகசியமில்லை. நம் வீடுகளில் வருஷத்துக்கு ஒருநாள் ஆயுத பூஜை. சுத்தியலுக்கும் ஸ்பேனருக்கும் சந்தனம், குங்குமம். மறுநாள் அது பரணுக்குப் போகும். குழாய் ஒழுகினால், ஃபேன் நின்றால், ஆளைக் கூப்பிடுவோம். வந்த ஆளுக்குக் குடிக்கத் தனி டம்ளர் எடுத்த வீடுகள் நம்முடையவை. இப்போது பேப்பர் கப். கருவியைக் கும்பிடலாம், கருவியைப் பிடிக்கிற கையைத் தொடக்கூடாது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதாமலே படித்துக்கொண்டோம். படித்துத்தான் இன்ஜினீயர் ஆனோம். கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் போனால் வீட்டு முன்னறையில் லேத்தைப் போட்டு, பின்னறையில் குடும்பம் நடத்துகிறவர்களைப் பார்க்கலாம். அந்த முன்னறைச் சத்தத்தில் படித்து வளர்ந்த பையன் அமெரிக்கா போய் 576 சதுர அடியில் அட்டைப்பெட்டி அடுக்குகிறான். அவன் அப்பாவுக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம் எதுவும் இருக்க முடியாது.

பக்கத்து வீட்டு அமெரிக்கர்கள் எல்லாம் ஞானிகள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களிலும் பாதிப்பேர் கராஜில் குப்பைதான். கருவியை வாங்கி வாங்கி மாட்டிவைத்து அழகு பார்க்கிறவர்கள் நிறைய. ஆறு டிரில் வைத்திருந்த ஒருவர் வீட்டில் ஓட்டை போட்ட சுவரையே காணோம். ஆனால் அங்கே ஒரு டாக்டரோ வக்கீலோ சனிக்கிழமை மரத்தூளோடு வெளியே வந்தால் யாரும் அவர் சம்பளத்தைச் சந்தேகிப்பதில்லை. நம் பிள்ளை அப்படி வந்தால் வீடியோ காலில் பாட்டி, "ஏண்டா, ஆள் வெச்சுக்க முடியலையா?" என்று கவலைப்படுகிறாள்.

கடைசியாக ஒரு ஆட்சேபம் பாக்கி. இதை எழுப்புகிறவர்கள் வீட்டுக்காரம்மாக்கள். "எல்லாம் சரிங்க, அப்ப கார் எங்க நிக்கும்?"

வெளியே நிற்கும். நிற்கத்தான் வேண்டும். பனியும் உப்பும் அப்பின காரை உள்ளே கொண்டுவந்தால் அது உருகி, வாளிக்கணக்கில் தண்ணீர் தரையில் ஓடி, சூட்டில் ஆவியாகி, திரும்பவும் இரும்பின்மேல்தான் போய் உட்காரும். பட்டறையும் காரும் ஒரே கொட்டகையில் சரிப்பட்டு வராது. இரண்டு கார் இருந்தால் நடுவில் ஒரு சுவர் எழுப்பி, ஒரு பாதியை மட்டும் பட்டறையாக்கலாம். அப்போது சூடாக்க வேண்டிய இடமும் பாதியாகிவிடும், செலவும் குறையும். சின்னதாக ஆரம்பிக்க அதுதான் நல்லது. வெளியே நிற்கிற கார் கிளம்பாது என்று பயப்படுகிறவர்களுக்கு அங்கே பிளாக் ஹீட்டர் என்று ஒன்று விற்கிறார்கள். இன்ஜினோடு மாட்டி, ராத்திரி பிளக்கில் செருகிவிடலாம். 400 வாட்டிலிருந்து கிடைக்கிறது.